சிறைக்குள் குடியையும் போதையையும் விடுவது: தோழர் வட்டம் தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

"உள்ளே போனா குடி தானா நின்னுடும்" என்று வீட்டில் சொல்வார்கள். நிற்பது சரக்குதான், நோய் அல்ல. இரண்டு வருடம் ஒரு சொட்டுத் தொடாமல் உள்ளே இருந்தவர், ஜாமீன் கிடைத்த அன்றைக்கே தள்ளாடிக்கொண்டு வீடு வந்து சேர்வது எந்த ஊரிலும் நடக்கிறது. கிடைக்காததால் குடிக்காமல் இருப்பது ஒன்று. கிடைத்தாலும் வேண்டாம் என்று இருப்பது வேறொன்று. இரண்டாவதற்கு உழைக்க வேண்டும். அந்த உழைப்பைச் சிறைக்குள்ளேயே தொடங்கலாம், அதைத் தனியாளாகச் செய்யத் தேவையில்லை.

அமெரிக்காவில் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. ஏழே வருடத்தில், 1942-ல், கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள் அதன் கூட்டம் நடந்தது. குடித்தவன் சொன்னால்தான் குடிக்கிறவன் காதில் ஏறும் என்பதுதான் அதன் அடிப்படை. போதைப் பொருள்களுக்கு நார்கோடிக்ஸ் அனானிமஸ் இருக்கிறது. இரண்டுக்கும், பழக்கத்திலிருந்து மீள ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய 12 படிகள் உண்டு. தமிழ்நாட்டு மத்திய சிறையையும் கிளைச் சிறையையும் மனத்தில் வைத்து, அந்த முறையில் ஒரு வட்டத்தை எப்படித் தொடங்கி நடத்துவது என்று கீழே எழுதியிருக்கிறோம். உள்ளே இருப்பவருக்கும், நல அலுவலருக்கும், வெளியிலிருந்து வரும் தன்னார்வலருக்கும் இது பயன்படும்.

முதல் பத்து நாள் டாக்டருடையது

பிரார்த்தனைக்கும் பேச்சுக்கும் முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். கைதாகி, கோர்ட்டில் நிறுத்தப்பட்டு, சிறை வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு நாள் கழிந்திருக்கும். ஆபத்து ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வருவதுதான் மிக மோசம். நாள், இடம் தெரியாமல் பிதற்றுவார், உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று தட்டுவார், சுவரில் ஆள் நிற்கிறான் என்பார், காய்ச்சலடிக்கும். இதைப் பார்த்து "நடிக்கிறான்" என்பார்கள், "பேய் பிடிச்சிருக்கு" என்பார்கள், சத்தம் போடுகிறார் என்று தனிச் செல்லில் அடைப்பார்கள். மூன்றுமே தவறு. தனிச் செல்லில் அடைத்தால் அவர் நிலையைப் பார்க்க ஆள் இருக்காது. அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அட்மிஷன் அன்று சிறை மருத்துவரிடம் நான்கு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: கடைசியாகக் குடித்தது எப்போது, ஒரு நாளைக்கு எத்தனை குவாட்டர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, கூடவே மாத்திரையோ ஊசியோ உண்டா. ஒரு குவாட்டர் 180 மில்லி. தினமும் இரண்டு குவாட்டர் போட்டவர், காலையில் கை நடுக்கத்துக்கே ஒரு கட்டிங் போட்டவர் என்றால் மருத்துவர் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டு வருவார். குடிநோயாளியின் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் தயமின் முதலில். வட்டத்தில் இருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிளாக்கில் யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள், நேரம் பாருங்கள். இரும்பைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் துணியோ ஸ்பூனோ வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நின்று மறுபடி வந்தாலும், கதவைத் தட்டி வார்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

ஹெராயின், டேபென்டடால் (போதைக்காகப் போடும் வலி மாத்திரை) பழக்கம் உள்ளவருக்குக் கதை வேறு. மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், கைகால் குடையும், வயிற்றுப்போக்கு போகும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். இதனால் சாவது அரிது, ஆனால் நீர் வற்றிப் போனால் ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நைட்ரவெட் போன்ற தூக்க மாத்திரை போட்டவர்களுக்குத் திடீர் நிறுத்தத்தால் வலிப்பு வரும். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசி பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

அனுமதியும் நேரமும்

சிறைக் கண்காணிப்பாளருக்கு நல அலுவலர் வழியாக மனு கொடுக்க வேண்டும். நோக்கத்தை இரண்டு வரியில் முடியுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், அதிகபட்சம் எத்தனை பேர், வெளியிலிருந்து வருபவர்கள் யார், என்ன அடையாள அட்டை, கையில் என்ன கொண்டு வருவார்கள் என்பதை முழுமையாக எழுதுங்கள். கொண்டு வருவது படிகள் அச்சிட்ட நாலு தாள் என்றால் "நாலு தாள்" என்றே எழுதுங்கள். சோதனையில் ஐந்தாவது தாள் கிடைத்தால் அந்த வாரக் கூட்டமே ரத்தாகலாம்.

வாய்தா நாளில் விசாரணைக் கைதிகள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள், 'மனு' என்று சிறையில் சொல்லும் நேர்காணல் நாளில் வீட்டாரைப் பார்க்கப் போவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வசதி. வாரம் ஒரு முறை கட்டாயம், இரண்டு முறை முடிந்தால் நல்லது. கிழமையை மாற்றவே மாற்றாதீர்கள். சிறையில் எல்லாமே யாரோ சொல்லி மாறுகிற விஷயம். மாறாத ஒரு மணி நேரம் கிடைத்தால் அதையே பிடிமானமாக்கிக் கொள்வார்கள்.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வட்டத்துக்கு வந்தால் சலுகை, வராவிட்டால் தண்டனை என்று எதுவும் இருக்கக்கூடாது. பரோலுக்கோ தண்டனைக் குறைப்புக்கோ வருகைப் பதிவைக் காட்டலாம் என்று ஆனால் அடுத்த வாரமே நாற்பது பேர் வந்து நிற்பார்கள். அதில் விட வேண்டும் என்று வந்தவர் நாலு பேர் இருப்பார், மீதிப் பேருக்கு முன்னால் அந்த நாலு பேரும் வாயே திறக்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் ஏ.ஏ. கேட்கும் தகுதி. அதுவே போதும்.

வட்டம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். வரிசையாக உட்கார்ந்தால் அது வகுப்பு ஆகிவிடும், வட்டமாகத் தரையில் உட்காருங்கள். வார்டர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கலாம், காதுக்கு எட்டுகிற தூரத்தில் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பகை உள்ள இரண்டு கோஷ்டி ஆட்களை ஒரே வட்டத்தில் போடாதீர்கள். யார் யார் என்பது நல அலுவலருக்குத் தெரியும்.

அறுபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் அமைதி. பிறகு ஒரு படியை ஒருவர் வாசிக்கட்டும், பத்து நிமிடம். வாசிக்கத் தெரியாதவர் கேட்டுவிட்டுத் தன் வார்த்தையில் சொல்லட்டும், பல நேரம் அதுதான் தெளிவாக இருக்கும். அடுத்த நாற்பது நிமிடம் பகிர்தல், ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் அமைதியோ அவரவர் வேண்டுதலோ.

தொடக்கத்தில் நடத்துபவர் ஒவ்வொரு வாரமும் ஒரே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். இப்படி: "என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி. இங்க பேசறது இங்கேயே இருக்கட்டும். கேஸைப் பத்தி யாரும் பேச வேண்டாம். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க புத்தி சொல்ல வேண்டாம். பேசப் பிடிக்கலைன்னா 'இன்னிக்கு நான் கேட்டுக்கறேன்'னு சொல்லுங்க, போதும். ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளியே சொல்லுவோம்." கடைசி வரி முக்கியம். தற்கொலைப் பேச்சு, இன்னொருவரைத் தாக்கும் திட்டம், அளவுக்கு மீறி போதை ஏறி மயங்கியவர் ஆகிய மூன்றையும் மறைக்கக்கூடாது என்பதை முதல் நாளே எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். யாருக்கு எந்த நாள் ஜாமீன் வரும் என்று தெரியாது. வெளியில் போதை மறுவாழ்வு மையங்களில் நடத்துகிற பன்னிரண்டு வாரப் பாடத்திட்டம் இங்கே உடைந்துவிடுவது இதனால்தான். மூன்றாம் வாரம் வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் இருக்காது, ஆறாம் வாரம் இன்னொருவர் இருக்கமாட்டார். ஒவ்வொரு கூட்டமும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். இன்றைக்கு மட்டுமே வந்து நாளை வெளியே போகிறவருக்கும் கையில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும்.

பொதுவாக வட்டம் கெடுவது வீரக்கதையில். "ஒரே மூச்சுல ஒரு ஃபுல் அடிச்சவன் நான்" என்று ஒருவர் ஆரம்பித்தால் கேட்கிற பத்துப் பேருக்கும் நாக்கில் ருசி ஊறும். நடத்துபவர் குறுக்கிட்டு, "அண்ணே, அதுக்கு மறுநாள் காலைல என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க" என்று திருப்பினால் போதும். பெரிய கையாக இருப்பவர் தலைமையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு, அதனால் நடத்தும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு மாற வேண்டும். பாய் விரிப்பதற்கும் நேரம் பார்ப்பதற்கும் புதிதாக வந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை கையில் இருந்தால் மறுவாரம் வருவார். பீடிக் கைமாற்று வட்டத்துக்குள் நடந்தால் அன்றே சொல்லி நிறுத்துங்கள். சிறையில் பீடிதான் பணம், பீடிக் கடன் ஏறினால் அதை அடைக்க மாத்திரை கடத்தச் சொல்வார்கள்.

பெண்கள் சிறையில் வட்டம் தனியாகவே நடக்க வேண்டும். அங்கே வெட்கம்தான் முதல் சுவர். "குடி" என்று சொல்லக் கூசுபவர்கள் தூக்க மாத்திரையிலிருந்து பேச ஆரம்பிப்பார்கள், அப்படியே விடுங்கள்.

கேஸ் பேச்சு ஏன் ஆகாது

நான்காம் படி தன் தவறுகளைக் கணக்கெடுப்பது. ஐந்தாம் படி அதை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது. வெளியே இது மருந்து. விசாரணைக் கைதிக்கு இது கண்ணிவெடி. போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. ஆனால் சக கைதியிடம் சொன்னது நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல் என்று சாட்சியமாக வரக்கூடும். அதன் எடை குறைவு என்பதற்காக ஒருவரின் வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியாது.

அதனால் வட்டத்தில் பேசுவது குடியைப் பற்றியும் அது வீட்டுக்குச் செய்ததைப் பற்றியும் மட்டும். "பொண்டாட்டி தாலியை அடகு வெச்சேன்" என்று சொல்லலாம். குற்றச்சாட்டைத் தொடுகிற எதையும் சொல்லக்கூடாது. எழுதவும் கூடாது, நோட்டு சோதனையில் போகும். விசாரணை முடியாதவர் நான்காம் படியை மனத்துக்குள் செய்யட்டும், ஐந்தாவதைத் தள்ளிவைக்கட்டும். ஒன்பதாம் படி, பாதிக்கப்பட்டவரிடம் போய் ஈடு செய்வது, இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியது. பாதிக்கப்பட்டவருக்கோ சாட்சிக்கோ கடிதமோ தூதோ அனுப்பினால் மிரட்டியதாகப் போய் முடியும், ஜாமீனே ரத்தாகும். எது செய்தாலும் முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். போதைப் பொருள் வழக்கில் சிறிய அளவோடு பிடிபட்ட அடிமைகளுக்கு 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39, 64-ஏ பிரிவுகள் சிகிச்சை வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. அதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

லாக்கப்புக்குப் பிறகு

கூட்டம் வாரத்துக்கு ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரத்தில் கஷ்டமானது சாயங்காலம் கதவு பூட்டியதிலிருந்து விடியும் வரை. இதற்குத்தான் ஜோடி. ஒரே பிளாக்கில், முடிந்தால் ஒரே அறையில், குறைந்தது மூன்று மாதம் விலகியிருப்பவரையும் புதியவரையும் சேர்த்து வையுங்கள். தனிச் செல் என்றால் இருவரும் ஒரு நேரத்தை முடிவு செய்து, அந்த நேரத்தில் ஒரே படியை நினைக்கட்டும்.

ஏக்கம் அலை மாதிரி எழும்பும், பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் இறங்கிவிடும். அது முடிவே இல்லாமல் ஏறும் என்று நினைப்பதால்தான் பயம். எழுந்து உட்காருங்கள். பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள், விழுங்கும்போது எண்ணுங்கள். முகம் கழுவுங்கள். ஜோடியை எழுப்புங்கள். எழுப்பப்பட்டவர் புத்தி சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். "சாப்பிட்டியா தம்பி, யார் மேலயாவது கோபமா, தனியா தோணுதா, தூங்கலையா?" இந்த நாலு கேள்வி கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இவற்றில் ஒன்று அநேகமாக அடியில் இருக்கும்.

எந்த நாளில் ஏக்கம் வரும் என்று முன்னாலேயே கணிக்கலாம். மனுவுக்கு வீட்டிலிருந்து யாரும் வராத நாள், வாய்தா தள்ளிப்போன நாள், ஜாமீன் தள்ளுபடியான நாள், ஊரில் சாவு விழுந்த செய்தி வந்த நாள், தீபாவளி, பொங்கல். அந்த இரவுகளில் ஜோடி கேட்காமலேயே விழித்திருக்க வேண்டும். சானிடைசர், தின்னர், சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) என்று கைக்குக் கிடைத்ததைத் தேடுகிற இரவுகளும் அவைதான். மெத்தனால் கலந்த எதுவானாலும் கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும்.

சாமி விஷயம்

பன்னிரண்டு படியில் கடவுள் வருகிறார், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுளாக. சிறையில் பஜனை உண்டு, ஜும்மா உண்டு, ஜெபக்கூட்டம் உண்டு. வட்டம் இவற்றில் எதுவும் அல்ல. எல்லோரும் அவரவர் வழிபாட்டுக்குப் போய்விட்டு வந்து வட்டத்தில் உட்காரலாம். வட்டத்தில் மதம் மாற்றுவதோ, அடுத்தவர் சாமியைக் குறைத்துப் பேசுவதோ நடந்தால் ஒரே வாரத்தில் பாதி வட்டம் காலியாகும். சாமி இல்லை என்பவரையும் வெளியே நிறுத்தாதீர்கள். "என்னைவிடப் பெரிய சக்தி இந்தப் பத்துப் பேர்தான்" என்று அவர் சொன்னால் அது படிக்குப் பொருந்தும். மந்திரமோ சாமி பேரோ வேண்டாம் என்பவர் விபாசனாவைக் கேட்டுப் பார்க்கலாம். 1975-ல் ஜெய்ப்பூர் சிறையிலும், 1994-ல் திகார் சிறையில் ஆயிரம் பேர் அளவில் பெரிதாகவும் அந்தப் பத்து நாள் தியானம் நடந்தது.

நம்ம ஊரில் நம்பிக்கை ஏற்கெனவே குடியை நிறுத்துகிறது. மாலை போட்டால் 48 நாள் தொடாதவர், ரம்ஜான் நோன்பில் ஒரு மாதம், தவக்காலத்தில் 40 நாள் தொடாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்தவர் இருப்பார். மாலை கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக்கில் நிற்பதும் அவரேதான். விரதத்துக்கு முடிவு நாள் இருக்கிறது, அதனால் மனம் அந்த நாளை எண்ணிக்கொண்டே இருக்கும். வட்டத்தில் இதைத் திருப்பிப் பயன்படுத்தலாம். ஒரு மண்டலம் இருக்க முடிந்தவருக்கு வலிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. "48 நாள் எப்படி இருந்தீங்க?" என்று கேளுங்கள். காலையில் குளியல், வேறு கூட்டாளிகள், எல்லோரும் "சாமி" என்று கூப்பிட்ட மரியாதை என்று அவரே அடுக்குவார். அவற்றில் எதை 49-ஆம் நாளும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய கூட்டத்தின் பேச்சு.

சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். கற்பூரம் அணைப்பது, பிள்ளை தலையில் அடிப்பது, கயிறு கட்டுவது, இவற்றைக் குடும்பம் அன்போடுதான் செய்கிறது. ஆனால் ஒரு நாள் தவறினால் "பிள்ளை மேல பண்ணின சத்தியமே போச்சு, இனி என்ன" என்று முழுதாக விழுந்துவிடுவார். ஏ.ஏ. அதனால்தான் ஆயுளுக்கு வாக்குறுதி கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும். நாளைக்கு நாளைக்குப் பார்க்கலாம்.

குடிபோதையில் இன்னொருவர் உயிர் போகக் காரணமானவர், தெளிந்த பிறகுதான் அதை முழுதாக உணர்வார். பொதுவாக இரண்டாம் மூன்றாம் மாதத்தில். சாப்பாட்டைத் தள்ளுவது, தன் துணிமணியை மற்றவருக்குக் கொடுப்பது, "சாமிகிட்ட போயிடறேன்" என்பது தென்பட்டால் அதைப் பக்தி என்று நினைக்காதீர்கள். அன்றே மருத்துவரிடமும் நல அலுவலரிடமும் சொல்லுங்கள், இரவில் தனியாக விடாதீர்கள்.

தவறி விழுந்தால்

உள்ளேயே கஞ்சாவோ மாத்திரையோ எடுத்துவிட்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால் விரட்ட வேண்டாம், அன்றைக்குப் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவரிடம் "ஏன் எடுத்தே?" என்று கேட்காதீர்கள், அதற்கு நூறு காரணம் வரும். "அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நாள் கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். முன்பு இருந்த நாள்கள் வீணாகப் போய்விடவில்லை என்பதை வட்டம் அவருக்குச் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு வெளியே

முழு வழிகாட்டியிலும் ஒரே பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு போதையின் பழைய அளவை மறந்திருக்கும். ஹெராயின், டேபென்டடால் பழக்கம் உள்ளவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. இதை விடுதலைக்கு முன்பு ஒவ்வொருவரிடமும் நேராகச் சொல்லுங்கள். சொன்னால் ஆசை வரும் என்று மறைக்காதீர்கள்.

ஜாமீன் உத்தரவு வந்து பெரும்பாலும் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள். டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். வாசலில் வண்டியோடு நிற்கப் போவது யார் என்பதே முதல் கேள்வி. பழைய கூட்டாளி நின்றால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண். அதனால் ஜாமீன் மனு போட்ட அன்றே, கிடைக்கும் வரை காத்திராமல், மனைவியோ அண்ணனோ வட்டத்தின் வெளி ஆளோ யார் வருவது என்று முடிவு செய்யுங்கள். மனுவில் வீட்டாரைப் பார்க்கும் சில நிமிடத்தில் சொல்ல வேண்டியது இதுதான்: "நான் வர்ற அன்னிக்கு யாரையும் கூப்பிடாதே, விருந்து வைக்காதே, கையில காசு கொடுக்காதே. நீ மட்டும் வா."

சிறை மருத்துவரிடமிருந்து மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரை தருவதாக இருந்தால் சாப்பிடுபவருக்குத் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் ஆளைக் கொல்லும். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

போன் நம்பர்கள் தாளில் இருந்தால் தொலையும். மூன்றை மனப்பாடம் செய்ய வையுங்கள், கடைசி நாலு கூட்டத்திலும் ஒப்பிக்கச் சொல்லுங்கள். வட்டத்தின் வெளி ஆளுடைய நம்பர், போதை மீட்பு உதவிக்கு 14446, மன உளைச்சலுக்கு டெலிமானஸ் 14416. கூடவே அவர் ஊருக்குப் பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் இடம், கிழமை, நேரம். வெளியே வந்த முதல் நாளோ மறுநாளோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் என்றால் அநேகமாக வராமலே போய்விடுவார். பக்கத்தில் கூட்டமே இல்லாத ஊர் என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, வட்டத்தின் வெளி ஆளோடு சேர்ந்து.

அவர் போன் செய்வார் என்று தன்னார்வலர் காத்திருக்கக்கூடாது. வெளியே வந்தவரிடம் போன் இருக்காது, இருந்தாலும் வெட்கப்படுவார். வெளியே வந்த இரவு ஒன்பது மணிக்கு நீங்களே வீட்டு நம்பருக்குக் கூப்பிடுங்கள். "வந்து சேந்தீங்களா, சாப்பிட்டீங்களா, நாளைக்குக் காலைல கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போக எத்தனை மணிக்கு வரட்டும்?"